முற்றத்தில் நடந்த வயிறு காணல்

இதை எழுத எட்டு வருஷம் தயங்கினேன். மூன்று முறை நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து, முதல் பக்கம் முடிவதற்குள் மூடிவிட்டேன். நான் பத்தாம் வகுப்பில் தோற்றவன். ஆனாலும் எங்கள் சபையின் கூட்டக் குறிப்புகளை நான்தான் எழுதுகிறேன், அதனால் எழுத்து எனக்குப் பயமில்லை. பயந்தது வேறொன்றுக்கு. இந்தக் காரியத்தில் பிழை செய்தவன் நான். அதை விட்டுவிட்டு, கர்த்தர் செய்த நன்மையை மட்டும் எழுதலாமே என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். அப்படி எழுத உட்கார்ந்தால் கை ஓடாது. இப்போது முழுவதையும் எழுதுகிறேன்.

எங்கள் வீடு பாறசாலைக்குக் கிழக்கே, குன்னத்துகால் பக்கம். தமிழ்நாட்டு எல்லைக்கு நடந்தே போய்விடலாம். விடியற்காலம் ரப்பர் வெட்டுவேன். மீதிப் பொழுதெல்லாம் குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்த நிலத்தில் வாழையும் மரச்சீனிக் கிழங்கும். என் மனைவி கோட்டுகாலில் பிறந்தவள். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துத்தான் உண்டானாள். ஏழாம் மாதத்தில் எங்கள் பக்கத்தில் வயிறு காணல் என்று ஒன்று நடத்துவோம். பெண் வீட்டாரும் அக்கம்பக்கத்துப் பெண்களும் பலகாரத்தோடு வந்து, பிள்ளைத்தாய்ச்சியை உட்கார வைத்துப் பார்த்து, வாழ்த்திவிட்டுப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் வைத்திருந்தோம். முந்திரிக்கொத்துக்கு மாவும் இடித்தாகிவிட்டது. புதன்கிழமை அவளுக்கு வலி வந்துவிட்டது. அன்று மத்தியானம் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எங்கள் மகள் பிறந்தாள். சொன்ன நாளுக்குப் பத்து வாரம் முன்னால். எடை ஆயிரத்து இருநூற்று எண்பது கிராம்.

முப்பத்தொரு நாள் அங்கே இருந்தோம். அங்கிருந்தவர்கள் அவளை நன்றாகப் பார்த்தார்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறாம் நாள் பகல், நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கும்போது உள்ளே நர்ஸ்மார் ஓடுவதைப் பார்த்தேன். அது எங்கள் பிள்ளையின் பக்கமாகத்தான் என்று தெரிந்துவிட்டது. மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைகள் சில நேரம் மூச்சு விட மறந்துபோகும், உள்ளங்காலைத் தட்டினால் நினைவு வந்துவிடும் என்று பிறகு ஒரு சிஸ்டர் மலையாளத்தில் விளக்கிச் சொன்னார். அந்த ஐந்து நிமிஷத்தில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. சுவரில் நெற்றியை வைத்து ஒரு பொருத்தனை பண்ணினேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை வீட்டுக்கு வந்ததும் ஸ்தோத்திர ஜெபம் வைப்போம். பாட்டுப் பாடிக்கொண்டே பிள்ளையை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் கொடுப்போம். ஒவ்வொருவரும் நெற்றியில் முத்தம் கொடுத்து, ஒரு நல்ல வார்த்தை சொல்லி, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பார்கள். பிள்ளை சுற்றி முடித்துத் தாயின் கைக்குத் திரும்பும்வரை பாட்டு நிற்கக் கூடாது. நான் கர்த்தரிடம் சொன்னது இதுதான்: இவளை எனக்குத் தந்தால், பிள்ளை வீட்டுக்கு வந்த வாரமே சபை முழுவதையும் அழைத்து, ஒரு கை விடாமல் எல்லார் கையிலும் கொடுத்து ஸ்தோத்திரம் பண்ணுவேன்.

ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது எடை ஆயிரத்து எழுநூற்று ஐம்பது. புறப்படும்போது அந்த சிஸ்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். பிள்ளையை உடுப்பில்லாமல், தொப்பியும் துணியும் மட்டும் போட்டு, நெஞ்சோடு நெஞ்சு சேர்த்துக் கட்டி வைத்திருக்க வேண்டும். முடிந்த நேரமெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். தாய் முடியாதபோது தகப்பன் வைக்கலாம். ரெண்டு மணிக்கு ஒருமுறை பால். முதலில் சொன்ன பிரசவ நாள் வரை அவள் வயிற்றுக்குள் இருக்க வேண்டிய பிள்ளை, வீட்டிலும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆட்கள் வந்து பார்க்கக் கூடாது, தூக்கக் கூடாது, முத்தக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பொருத்தனையைப் பற்றி அவரிடமும் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை.

மறுநாள் ஆராதனை முடிவில், வியாழக்கிழமை நாலு மணிக்கு எங்கள் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் என்று சபையை நடத்துகிற உபதேசியார் அறிவித்தார். நான்தான் சொல்லி வைத்திருந்தேன்.

என் மனைவிக்கு இது தெரிந்தது திங்கட்கிழமை, பிடியரிசி அக்கா வந்தபோது. சபை வீடுகளில் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அதை வாரம் ஒருமுறை வீடு வீடாக வந்து வாங்கிப் போகிறவர் அந்த அக்கா. எந்த வீட்டு அடுக்களையில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. நான் வயலிலிருந்து வந்து கை கழுவும்போது மனைவி கேட்டாள்.

"வியாழக்கிழமை எத்தன பேரு வருவாவ?"

"சபை முழுக்க."

"பிள்ளைய எல்லாருக்க கையிலயும் குடுப்பியளா?"

"பொருத்தனை ஆக்கும். மாத்த முடியாது."

"நான் ஒண்ணும் பொருத்தனை பண்ணல்ல" என்று சொல்லிவிட்டு, அவள் துணி துவைக்கப் போனாள். நெஞ்சில் இருக்க வேண்டிய பிள்ளை தொட்டிலில் கிடந்தது. அந்தத் தொட்டில்தான் அப்போது எங்கள் சங்கடம். ஆனால் அது எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் வார்டின் ஆஷா பணியாளர், ரெண்டு வாழைத்தோட்டம் தள்ளி இருக்கிற சேச்சி. இந்து வீட்டுக்காரி. வார்டில் பிள்ளை பெற்ற வீடுகளுக்கெல்லாம் போய்ப் பார்ப்பது அவருடைய வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துணித்தூளி தொங்கும் தராசோடு வந்து எடை பார்த்துப் போயிருந்தார். புதன்கிழமை மறுபடியும் வந்தார். ஆயிரத்து எழுநூற்றுப் பத்து. நாற்பது கிராம் குறைந்திருந்தது.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நெஞ்சில் வைக்கிறாய் என்று சேச்சி கேட்டார். ரெண்டு மணி நேரம் இருக்கும் என்றாள் மனைவி. மீதி நேரம் சமைக்க வேண்டும், துணி அலச வேண்டும், பால் பிழிய வேண்டும், பாத்திரம் கொதிக்க வைக்க வேண்டும். என் அம்மா உயிரோடில்லை. அவள் அம்மா கோட்டுகாலில் விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். நான் காலையில் போனால் மத்தியானம்தான் வருவேன். சேச்சி அவளைக் குறை சொல்லவில்லை. பிள்ளை குடிக்கிற பாலெல்லாம் தன் சூட்டைக் காப்பாற்றிக்கொள்வதற்கே செலவாகிறது, அதனால்தான் உடம்பில் பிடிக்கவில்லை என்றார். வெள்ளிக்கிழமை மறுபடி தூக்கிப் பார்ப்பேன், இன்னும் குறைந்திருந்தால் ஆஸ்பத்திரிக்கே திரும்பக் கொண்டுபோக வேண்டும் என்றார்.

அப்போதுதான் மனைவி வியாழக்கிழமைக் காரியத்தைச் சொன்னாள். சேச்சி என் முகத்தைப் பார்த்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். "நாளைக்கு நானும் வாறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தராசை மடக்கிப் பைக்குள் வைத்தார்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு முற்றம் நிறைந்துவிட்டது. நாற்பது பேராவது இருக்கும். எங்கள் உபதேசியார் வாரநாட்களில் வாடகைக்கு நாற்காலி கொடுக்கிற கடை வைத்திருக்கிறார். நாற்காலியெல்லாம் அவரே கொண்டுவந்து போட்டார். சுக்குக்காப்பிக்குச் சொல்லியிருந்தேன். சேச்சி படியருகில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொருவரிடமும் முழங்கை வரைக்கும் கழுவச் சொன்னார். சிலர் முகம் சுளித்துக்கொண்டே கழுவினார்கள். பின்வரிசையில் ரெண்டு பேர் இருமிக்கொண்டிருந்தது எனக்கும் கேட்டது. கேட்காத மாதிரி நின்றேன்.

பாட்டு முடிந்தது. முதல் ஜெபம் முடிந்தது. அடுத்த பாட்டைத் தொடங்கினார்கள், நான் பிள்ளையை எடுத்துவர உள்ளே போனேன். அறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினேன்.

"தொறக்க மாட்டேன்" என்றாள் மனைவி. சத்தம் போடவில்லை. ஆனாலும் அறையின் ஜன்னல் முற்றத்தைப் பார்த்து இருப்பதால் எல்லாருக்கும் கேட்டது. பாட்டு ஒவ்வொரு வாயாக நின்றது.

கதவைத் திற, மானம் போகிறது என்றேன்.

"கர்த்தருக்குக் கோவம் வந்தா எனக்க மேல வரட்டும். பிள்ள எனக்க நெஞ்சுல கெடக்கா. இவள இஞ்ச இருந்து எடுக்க முடியாது."

இந்த இடத்தை எழுத வேண்டுமே என்றுதான் நான் எட்டு வருஷமாக நோட்டை மூடியது. நான் கதவில் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை. உள்ளே பிள்ளை திடுக்கிட்டு அழுதது கேட்டது. எலிக்குஞ்சு மாதிரி சின்னச் சத்தம். அது கேட்ட பிறகும் மூன்றாவதாகத் தோளைக் கொண்டுபோனேன். உபதேசியார் வந்து என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். அப்படியே என்னை முற்றத்துக்குக் கூட்டி வந்தார். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சேச்சி வாளியருகிலிருந்து எழுந்தார். "உபதேசியாரே, ஒரு காரியம் கேக்கட்டா? இந்தப் பிள்ளைக்க பேறுக்குச் சொன்ன நாளு இன்னும் வரல்ல. அஞ்சு வாரம் உண்டு. அதுவரைக்கும் வயித்துல கெடக்குற பிள்ளயா நெனச்சுக்கோன்னுதான் ஆஸ்பத்திரியில சொல்லி விட்டாவ. வயித்துல கெடக்குற பிள்ளைய உங்க சபையில கை மாத்திக் குடுப்பியளா?"

உபதேசியார் என்னிடம் திரும்பி, நீ பண்ணின பொருத்தனையை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல் என்றார். சொன்னேன்.

"பிள்ள வீட்டுக்கு வந்த வாரம். அப்படித்தானே? எலே, பிள்ள இன்னும் வந்து சேரல்ல. வழியில நிக்கா. வந்து சேரட்டும், அப்போ குடுக்கலாம். கர்த்தருக்கு அவசரம் ஒண்ணும் இல்ல. உனக்குத்தான் அவசரம்."

யாரும் சிரிக்கவில்லை. பிடியரிசி அக்கா மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து இடுப்பில் கை வைத்தார். "அப்போ நாம இஞ்ச வந்தது வயிறு காணலுக்காக்கும். முந்திரிக்கொத்துக்கு மாவு இடிச்சது நான். கை வலிச்சதுதான் மிச்சம், இவளுக்க வயிற ஒருத்தியும் பாக்கல்ல. மக்கா, ஜன்னல்ல வந்து நில்லு. வயிறக் காட்டு, பாத்துட்டுப் போறோம்."

அப்போது சிரிப்பு வந்தது. முதலில் ஒருத்தி, பிறகு எல்லாரும். ஜன்னல் கதவு ஒரு சாண் திறந்தது. என் மனைவி பக்கவாட்டில் நின்றாள். நெரியது என்கிற மேல்துணியை நெஞ்சைச் சுற்றிக் கட்டியிருந்தாள். அதற்குள் பிள்ளை ஒரு மேடாகத் தெரிந்தது. மேலே நீலத் தொப்பியின் நுனி. பெண்கள் ஒவ்வொருவராகத் துணி காயப்போடுகிற கயிறு வரைக்கும் வந்து, அங்கேயே நின்று பார்த்து, ஒரு வார்த்தை வாழ்த்திவிட்டு நகர்ந்தார்கள். கயிற்றைத் தாண்டி யாரும் போகவில்லை. உபதேசியார் பாட்டை மறுபடி எடுத்துக் கொடுத்தார். கடைசிப் பெண் பார்த்து முடிக்கும்வரை பாட்டு நிற்கவில்லை. இருமிய ரெண்டு பேரும் ரோட்டில் நின்றே பாடினார்கள்.

வயிறு காணலுக்குப் பிறகு பிள்ளைத்தாய்ச்சியை வேலை செய்ய விடுவது எங்கள் ஊரில் முறையில்லை. அதை நான் யாருக்கும் நினைவுபடுத்தவில்லை. பிடியரிசி அக்கா அன்றைக்கே முறை வைத்துவிட்டார். யாருக்கு எந்தக் கிழமை கஞ்சி, யாருக்குக் கறி, யார் துணி துவைப்பது என்று எல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருந்தது. சளி பிடித்தவள் தன் முறையை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். யாரும் அறைக்குள் வரக் கூடாது. சாப்பாட்டை அடுக்களைத் திண்டில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்தால் போதும். சேச்சியின் வீட்டிலிருந்து தினமும் குளிக்க வெந்நீர் வந்தது.

வெள்ளிக்கிழமை தராசில் அதே ஆயிரத்து எழுநூற்றுப் பத்து. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "குறயல்ல பாத்தீரா, அது போதும்" என்றார் சேச்சி. திங்கட்கிழமை ஆயிரத்து எழுநூற்று அறுபது.

நானும் முறையில் சேர்ந்தேன். ரப்பர் வெட்டி முடித்து, சோப்புப் போட்டுக் குளித்து, பத்து மணி முதல் ஒரு மணி வரை பிள்ளையை என் நெஞ்சில் கட்டிக்கொள்வேன். முதல் நாள் மூச்சு விடவே பயமாக இருந்தது. அவள் காது என் எலும்பில் ஒட்டிக்கொள்ளும். அவள் மூச்சு ஒரு இடத்தில் மட்டும் சூடாகப் படும். அந்த மூன்று மணி நேரம் நான் வாய் திறந்து ஜெபித்ததில்லை. ஜெபம் என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. கூட ரப்பர் வெட்டுகிறவன் ஒருநாள் வேலி வழியே பார்த்துவிட்டுக் கேட்டான்.

"எலே, உனக்கு எத்தன மாசம்?"

"ஒம்பது நடக்கு" என்றேன்.

"முகத்துல நல்ல களை உண்டு. ஆம்பளப் பிள்ளயாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாப்பாடு அதிகமானதுதான் தொந்தரவு. ஒரு வாரத்தில் நாலு வீட்டிலிருந்து ஒரே மீன் கறி வந்தது. ஒரு சித்தி வயம்பு, அதுதான் வசம்பு, உரைத்துக் கொண்டுவந்தார், பிள்ளையின் நாக்கில் வைக்க. பாலைத் தவிர ஒரு துளியும் கொடுக்கக் கூடாது என்று சேச்சி தடுத்துவிட்டார். கொண்டு வந்ததைத் திருப்பி எடுத்துப் போக மாட்டேன் என்று சித்தி அதை என் நாக்கில் தடவிவிட்டுப் போனார். சாயங்காலம் வரைக்கும் கசந்தது.

கதவைத் தள்ளினதைப் பற்றி மனைவியிடம் பேச எனக்கு ஒரு வாரமாயிற்று. அவள் என் முதுகுக்குப் பின்னால் நெரியதை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். முகம் பார்க்காமல் சொல்வது எளிதாக இருந்தது. அன்றைக்கு நான் செய்தது தப்பு, என்னை மன்னித்துவிடு என்றேன். அவள் முடிச்சை இறுக்கினாள்.

"நல்ல தாழ்ப்பாளு ஆக்கும். நீங்க வச்சதுதானே" என்றாள்.

சொன்ன நாள் வந்தபோது எடை ரெண்டாயிரத்து ஐந்நூற்று நாற்பது. அந்த வாரம் உபதேசியார் நாற்காலி கொண்டுவந்தார். இந்த முறை பதினொன்றுதான். முறை வைத்து வேலை செய்தவர்களுக்கு மட்டும். எல்லாரும் சொல்லாமலே கை கழுவினார்கள், வாயில் துணி கட்டினார்கள். நெற்றியில் முத்துவது வேண்டாம், பாதத்தைத் தொட்டால் போதும் என்று சேச்சி சொன்னார். என் மனைவி தானே கதவைத் திறந்து பிள்ளையைக் கொண்டுவந்து முதல் ஆளின் கையில் கொடுத்தாள். சேச்சி ஓரமாக நின்றார். தன் வரிசை வந்ததும் பிடியரிசி அக்கா அவரைக் கூப்பிட்டு, மறுபேச்சுக்கு இடம் கொடுக்காமல் பிள்ளையை அவர் கையில் வைத்தார். எடை பார்த்த கைதான். ஆனால் அன்றைக்கு அவர் எடை சொல்லவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பாட்டை இன்னொரு தடவை முதலிலிருந்து பாட வேண்டியதாயிற்று. சபையின் மற்றக் கைகளுக்கும் பிள்ளை போய்ச் சேர்ந்தாள், ஆறாம் மாதத்துக்குப் பிறகு, எங்கள் சபைக் கோவிலில்.

இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். கண்ணாடி போட்டிருக்கிறாள். வாய் அவள் அம்மாவுக்கு உள்ள வாய். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

இத்தனை நாள் எழுதாமல் இருந்தவன் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் ஒற்றசேகரமங்கலத்திலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினான். முன்பின் தெரியாதவன். அவன் மனைவிக்கும் ஏழாம் மாதத்தில் பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்து ரெண்டு நாள். எங்கள் வீட்டில் நடந்ததை யாரோ ஒரு கூட்டத்தில் சாட்சியாகச் சொல்லக் கேட்டிருக்கிறான். டாக்டர்மார் கைவிட்ட பிள்ளையை நாற்பது பேர் கையில் கொடுத்து ஜெபித்தார்கள், அன்றிலிருந்து எடை கூடியது என்று சொன்னார்களாம். நானும் அதே பொருத்தனை பண்ணியிருக்கிறேன் அண்ணா, வெள்ளிக்கிழமை கூட்டம், நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றான்.

அன்று சாயங்காலமே மனைவியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன். சேச்சி அந்த வார்டு ஆஷாவுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருந்தார். அந்தத் தம்பியின் முற்றத்தில் நின்று, நான் தோளால் கதவைத் தள்ளினதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். வெளியாளிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. உள்ளேயிருந்து அவன் மனைவியின் குரல் கேட்டது: "அக்கா, நீங்க ரெண்டு பேரும் இருந்து காப்பி குடிச்சிட்டுத்தான் போகணும்." வெள்ளிக்கிழமைக் கூட்டம் நடக்கவில்லை. அவர்கள் சபைப் பெண்கள் இப்போது முறை வைத்துக் கஞ்சி கொண்டு போகிறார்கள். அந்தப் பிள்ளை ரெண்டு கிலோ தாண்டிவிட்டது.

கர்த்தர்தான் எங்கள் மகளைத் தந்தார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எப்படித் தந்தார் என்பதை மாற்றிச் சொன்னால், இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்து வருகிறது. அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதே நிலையில் இருக்கிற வீடு உங்களுக்குத் தெரிந்தால் இதைச் சொல்லுங்கள். எங்கள் மகளின் எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். டாக்டர்மார் கைவிட்டார்கள் என்று சேர்க்காதீர்கள். அந்த வியாழக்கிழமை அவளைத் தொட்டது அவள் அம்மா ஒருத்திதான், மற்றவர்கள் கயிற்றுக்கு அப்பால் நின்றார்கள் என்பதை விட்டுவிடாதீர்கள். கதவைத் தள்ளினவன் தகப்பன் என்பதையும் விட வேண்டாம். நான் எழுதியது எப்படியோ, அப்படியே சொல்லுங்கள்.